எல்லோரும் கடைப்பிடித்த விதி

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆகவே தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன். பாப்பா நலம். உயரமும் கூடிவிட்டது, வாயும் கூடிவிட்டது. வெளியாட்கள் முன்னால் தன்னைப் பாப்பா என்று கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன். எனக்கு இடுப்பு வலி பழையபடிதான். சமையலறைக் குழாய் ஒழுகுவதும் பழையபடிதான். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி உட்கார வைத்து, தூக்கிப் படுக்க வைத்து, சாயங்காலமானால் கால் வீங்குகிறது என்றாயே, இப்போதாவது யாராவது ஒத்தாசைக்கு வருகிறார்களா?

போனில் கேட்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். கடைசியில் எனக்கு மிஞ்சுவது 'சாப்பிட்டீங்களா', 'சாப்பிட்டேன்' இரண்டும்தான். நீ வெளிநாட்டு வேலைக்குப் போன இந்த நாலு வருஷமாக நாம் பேசிக்கொண்டதைக் கூட்டிப் பார்த்தால் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். மனதில் இருப்பதைச் சொல்லக் காகிதம்தான் தோது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மருத்துவமனைத் தரப்பிலிருந்து ஓர் ஆய்வாளர் எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு எல்லா இடத்திலும் விரலால் தடவிப் பார்த்தார். ஐந்து மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பும் திரையும் அறுவை அங்கியும் இங்கே வந்து இறங்குகின்றன, அவற்றை எப்படி எடுக்க வேண்டும், எப்படித் துவைக்க வேண்டும், யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி வைத்த உருப்படியான தாள் ஒன்றுகூட இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஆய்வுக்குள் முழுக் கையேடு ஒன்று இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்தாம்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். இடுப்பு போகும் முன்னால் பல வருஷம் கீழே உலர்த்தும் மெஷினில் நின்றவன், இப்போது மேலே ஸ்டோர் கணக்கு எழுதுகிறவன், இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் நான்தான் என்று சொன்னார். கையெழுத்தும் நன்றாக இருக்கிறதாம். கையேட்டை எழுதி முடித்து ஆய்வில் தேறிவிட்டால், அலுவலகத்தில் எனக்கு நிரந்தர இடம். ஸ்டோர் சம்பளம் இல்லை, அதற்கு மேலே. நீ கணக்குப் போட ஆரம்பித்திருப்பாய். நானும் போட்டேன். அந்தச் சம்பளம் வந்தால் நீ அங்கே இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்கு வந்துவிடலாம்.

எழுதிவிட்டேன். இதையே நினைத்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதனால் பேச்சை மாற்றுகிறேன்.

பழைய கையேடு என்று ஒன்று அலமாரியில் இருந்தது. முந்தைய மேலாளர் எங்கேயோ வாங்கி வந்தது. ஒரு ஹோட்டலுக்காக எழுதியதில் ஹோட்டல் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சலவைக்கூடம் என்று போட்டிருக்கிறார்கள். 'சலவைக்கூடத்துக்கு வரும் விருந்தினரைப் புன்னகையுடன் வரவேற்க வேண்டும்' என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. கீழே வேலை செய்யும் நெட்டையனிடம் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அழுக்கு மூட்டை வண்டியிலிருந்து இறங்கும்போதெல்லாம், 'வாங்க வாங்க, வழியில ஒண்ணும் கஷ்டமில்லையே' என்று கும்பிடுகிறான். நம் கல்யாணத்தன்று நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டு, புடைப்போடு போட்டோவில் நின்றானே, அதே நெட்டையன்தான். வயசுதான் ஆகிறது, வேறு ஒன்றும் ஆகவில்லை.

எழுதுவது இவ்வளவு அலுப்பான வேலை என்று தெரியாது. முதல் நாள் 'மெஷின்களைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும்' என்று எழுதிவிட்டு, பெரிய வேலை முடித்தவன் போல் டீ குடித்தேன். வீட்டில் பாப்பா அதைப் படித்துவிட்டு, 'யாரு? எப்போ? செய்யலன்னா என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டாள். எழுதியது ஒரு வரி, கேள்வி மூன்று. அன்றிலிருந்து ஒவ்வொரு வரியையும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் வைக்கிறேன். உன் மகள் கேள்வி கேட்கும்போது உன்னைப் போலவே இடது புருவத்தைத் தூக்குகிறாள்.

இது தவிர, நான் விதி எழுதுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து ஆளாளுக்கு மனுவோடு வருகிறார்கள். மடிக்கும் மேசைக்காரர்களுக்கு மின்விசிறி தங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று விதி வேண்டும். எதிர்மேசைக்கும் அதே விதிதான் வேண்டும். அழுக்குத் துணி பிரிக்கும் பகுதியில் ஒருவர் வேலை நேரத்தில் யாரும் பாடக் கூடாது என்று எழுதச் சொல்கிறார். பாடுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் நேரில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாம் விதியாக்கிக் கொடு என்கிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

உன் வேலை ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றாயே. இப்போதே கொடுத்துவிடாதே. ஆய்வு முடியட்டும், நான் எழுதுகிறேன். அதுவரை காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பார்த்து நட.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

*

சனிக்கிழமை

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கால் வீக்கம் குறைந்ததாக எழுதியிருந்தாய். நம்பிக்கொள்கிறேன். பாப்பாவுக்கு நீ அனுப்பிய சட்டை தோளில் பிடிக்கிறது. நீ பார்த்துவிட்டுப் போன அளவுக்கு வாங்கியிருக்கிறாய். அவள் உன்னிடம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லுவாள். நானும் சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் சொல்லிவிட்டேன்.

ஆய்வில் தேறிவிட்டோம். ஆய்வாளர் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நின்றபடியே படித்தார். பிறகு கீழே போய்ப் பிரிக்கும் பகுதியில் ஒருவரை நிறுத்தி, ஊசி ஏதாவது துணிக்குள் கிடந்தால் என்ன செய்வீங்க என்று கேட்டார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் எழுதியதை எழுத்து பிசகாமல் ஒப்பித்தார். ஆய்வாளர் என்னைத் திரும்பிப் பார்த்து, 'பல இடத்துல கையேடு இருக்கும், யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. இங்க படிச்சிருக்காங்க' என்றார். இந்த வயதில் என்னை ஒருவர் பாராட்டி எனக்குக் காது சிவந்துவிட்டது.

படிக்க வைத்தது எப்படி என்று கேட்பாய். சின்னச் சின்ன வாக்கியம், பெரிய எழுத்து. ஒரு தாளில் ஒரே வேலை. அந்த வேலை நடக்கும் இடத்திலேயே அந்தத் தாள். ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் இரண்டு விதியைச் சத்தமாகப் படிப்பது. படிக்கும் பொறுப்பை நெட்டையன் எடுத்துக்கொண்டான். செய்தி வாசிக்கிறவர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு படிக்கிறான். யாராவது முணுமுணுத்தால், 'டேய், இது எங்கிருந்தோ வந்தது இல்ல. நம்ம ஆளு எழுதினது. கேளு' என்று அதட்டுகிறான். பாதிப் பேர் கடைப்பிடிப்பது அவனுக்குப் பயந்துதான்.

ஆய்வாளர் போன முறை முகம் சுளித்த இடங்களையெல்லாம் ஒன்று விடாமல் சரி செய்திருந்தேன். உலர்த்தும் மெஷின் கைப்பிடிகளில் ஆட்கள் இடுப்பில் கட்டும் ஏப்ரன் தொங்கியதைப் பார்த்து, இது என்ன துணிக்கடையா என்று கேட்டிருந்தார். அதற்குப் பதினான்காம் விதி போட்டேன். மெஷின் கதவிலோ கைப்பிடியிலோ ஏப்ரனைத் தொங்கவிடக் கூடாது, கழற்றியதைச் சுவரில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். புதுக் கொக்கிகள் வரிசையாக அடித்தோம். இந்த முறை கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மேலாளர் அடுத்த மாதத்திலிருந்து அலுவலகத்தில் நாற்காலி போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். எழுத்தில் வரவில்லை, ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆகவே நீ நோட்டீஸ் கொடுத்துவிடு. நான் ரொம்ப நாளாக எழுத நினைத்த வரி இது. எழுதிப் பார்த்தால் கடைக்குப் போய்வா என்பது மாதிரி சாதாரணமாக இருக்கிறது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. நீ வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தூங்குவேன், எழுப்பாதே.

பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல். சொல்லும்போது போனைக் கொஞ்சம் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொள், கத்துவாள்.

நல்லபடியாக எல்லாம் முடிந்து நீ வர வேண்டும்.

உன் வீட்டுக்காரன்

*

புதன்கிழமை

பாப்பாவின் அம்மாவுக்கு,

ஒரு கெட்ட செய்தி. பதறாதே, நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். நெட்டையனுக்கு அடிபட்டுவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, தோள் மூட்டு கழன்றுவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கை முன்போல் மேலே தூக்க வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள்.

எப்படி என்று எழுத வேண்டும். எழுதாமல் உனக்குப் புரியாது.

உலர்த்தும் மெஷின் எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியும், ஒரு முறை வந்து பார்த்துவிட்டு நம் சமையலறையே உள்ளே போய்விடும் என்றாய். துணியிலிருந்து பிரியும் நூல் பஞ்சுபோல் உள்ளே சேரும். வாரத்துக்கொரு முறை ஒருவர் உருளைக்குள் ஏறி, பின்பக்கம் வரை போய் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். நாடா எங்கேயாவது மாட்டிக்கொள்ளும் என்பதால், ஏறும் முன் ஏப்ரனைக் கழற்றிவிடுவோம். கழற்றியதைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு ஏறுவோம். கைப்பிடியில் ஏப்ரன் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொட மாட்டார்கள். இதை யாரும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, பார்த்துப் பழகியது. நான் எத்தனை வருஷம் அப்படிக் கட்டிவிட்டு ஏறியிருக்கிறேன். ஆய்வாளர் முகம் சுளித்தபோது மட்டும், எனக்கு அது அழுக்கு ஏப்ரனாகத் தெரிந்தது.

நெட்டையன் பதினான்காம் விதிப்படி ஏப்ரனைக் கழற்றிச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே ஏறியிருக்கிறான். அந்த வரிசை மெஷின்களை இயக்குகிற கண்ணாடி அக்கா டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். கைப்பிடியில் ஒன்றும் இல்லை. கதவு திறந்திருக்கிறது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று சாத்திவிட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அலறல் கேட்டு உடனே நிறுத்திவிட்டார். சூடு ஏறும் முன் நிறுத்தியதால் உயிர் இருக்கிறது. அந்த அக்கா அன்றைக்குப் போனவர்தான், இன்னும் வேலைக்கு வரவில்லை. வீட்டில் யாரோடும் பேசவில்லையாம்.

பழைய கையேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஹோட்டல் கையேட்டிலும் 'கதவுக் கைப்பிடிகளில் எதையும் தொங்கவிடக் கூடாது' என்று ஒரு வரி இருக்கிறது. யாரும் படித்ததில்லை. படிக்காததால் இத்தனை வருஷம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் எழுதியதைப் படித்தார்கள்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. அவனுக்காக வேண்டிக்கொள்.

உன் வீட்டுக்காரன்

*

வெள்ளிக்கிழமை, மதியம்

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றவுடன் உனக்கு ஏதோ புரிந்திருக்கும். முறைப்படி சொல்கிறேன், இடையில் நிறுத்திவிடாமல் படி.

முந்தாநாள் நெட்டையனைப் பார்க்கப் போனேன். மருத்துவமனையில் அந்தக் கட்டில் அவன் நீளத்துக்குப் போதவில்லை, பாதம் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான். எங்கள் சலவைக்கூடத்து முத்திரை. 'நம்ம துணிதான்டா. மடிப்பு சரியில்ல, மேசைக்காரங்ககிட்ட சொல்லு' என்றான். நான் சிரிக்க முயற்சி செய்தேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது. விரிப்பைக் கீழே விட்டுவிட்டு, 'கையில ஏப்ரனை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னேன். எப்பவும் கட்டுற எடம் இல்லையா, கை தானா போச்சு. அப்புறம் நீ எழுதினதாச்சேன்னு கொக்கியில மாட்டினேன்' என்றான். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அவன் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவன் மனைவி படிக்கட்டு வரை கூட வந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான். 'அண்ணே, கை சரியாகுற வரைக்கும் இவரு எடத்தை வச்சிருப்பாங்களா?' என்றாள். விதியெல்லாம் எழுதியவன் நான்தானே, எனக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கிறாள். வச்சிருப்பாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலை மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தொழிலாளர் துறை அதிகாரி சாயங்காலம் விசாரணைக்கு வருகிறார் என்றார். பிறகு கையேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். தாள்களைத் துளையிட்டுக் கோத்த கோப்பு, வேண்டும்போது சேர்க்கலாம் எடுக்கலாம் என்று நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். கடைசித் தாளில், எல்லாவற்றையும் படித்தோம் என்று எல்லோருடைய கையெழுத்தும் இருக்கிறது. நெட்டையனுடையது கட்டத்தைத் தாண்டி வெளியே போயிருக்கும். பதினான்காம் விதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு தாள் வைக்க வேண்டும் என்றார். மெஷினுக்குள் ஏறும் முன் மின் இணைப்பைத் துண்டித்து ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். தேதி பழைய தேதி. 'உங்க நடையிலயே எழுதுங்க. வேற யாராவது எழுதினா தெரிஞ்சிடும்' என்றார்.

அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று அவரே சொன்னார், மறைக்கவில்லை. விதி இருந்தும் மீறியவன் நெட்டையன் என்று ஆகிவிடும். இழப்பீடு கிடையாது, வைத்தியச் செலவு அவன் பாடு, இடமும் போய்விடும். ஆனால் சலவைக்கூடம் தப்பிக்கும், ஒப்பந்தம் தப்பிக்கும், அத்தனை பேர் வேலையும் தப்பிக்கும் என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. 'எனக்கும் மேல ஆள் இருக்காங்க' என்று இரண்டு தடவை சொன்னார். என் நாற்காலி விஷயத்தையும் கடைசியில் சொன்னார், மிரட்டலாக இல்லை, ஞாபகப்படுத்துவது மாதிரி.

நான் ஸ்டோரில் போய் உட்கார்ந்தேன். காகிதத்தை எடுத்தேன். நீ என்னைப் பற்றிப் பெரிதாக ஏதும் நினைத்துவிடக் கூடாது, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். அந்தத் தாளை எழுதிவிட்டேன். சுலபமாக வந்தது. ஆளைச் சொல்லி, நேரத்தைச் சொல்லி, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லி, பாப்பா ஒரு கேள்விகூடக் கேட்க முடியாதபடி. இத்தனை விதி எழுதினேனே, அதிலேயே இதுதான் சிறந்தது. இது அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய விதி. எழுதி முடித்துவிட்டு, தேதி போடும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. பொய்யில்லை. முதலில் தெரிந்தது அதுதான். அவன் கை இரண்டாவதாகத்தான் தெரிந்தது.

பழைய தேதி இல்லை, நேற்றைய தேதியையே போட்டேன்.

பிறகு இன்னொரு தாள் எடுத்து நடந்ததை எழுதினேன். ஏப்ரனைக் கைப்பிடியில் கட்டும் வழக்கம் என்ன, எதற்காக, எத்தனை காலமாக. அதைத் தடுத்த பதினான்காம் விதியை எழுதியவன் நான். தடுக்கும் முன் அது எதற்கு என்று யாரையும் கேட்கவில்லை, எனக்கே தெரிந்திருந்தும் யோசிக்கவில்லை. அடிபட்டவர் விதியை மீறவில்லை, விதிப்படி நடந்துதான் அடிபட்டார். மெஷினை இயக்கியவர் மேலும் தவறில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் அதிகாரி வந்ததும் ஒரு பிரதியை அவர் கையிலும் ஒன்றை மேலாளர் கையிலும் கொடுத்தேன். பூட்டும் விதித் தாளை உலர்த்தும் மெஷின் பக்கத்தில் ஒட்டினேன். பதினான்காம் விதியைக் கிழிக்கவில்லை, இன்றுமுதல் செல்லாது என்று குறுக்கே எழுதித் தேதி போட்டேன்.

அதிகாரி போன பிறகு மேலாளர் என் தாளை மறுபடி படித்தார். 'தெளிவா எழுதியிருக்கீங்க. எந்தச் சந்தேகமும் வரல' என்றார். பிறகு, விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்றார். அதன் பிறகும் கூப்பிடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே வெயில் இன்னும் இருந்தது. அந்த நேரத்தில் தெருவைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி கேட்கவில்லை. போய்க் காய் நறுக்க ஆரம்பித்துவிட்டாள். ரொம்ப நேரம் கழித்து, 'அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?' என்றாள். இல்லை என்றேன். 'அம்மா வர்றாங்கன்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்' என்றாள். அவ்வளவுதான். தட்டில் எனக்கு முதலில் போட்டாள்.

இனி உனக்கு.

இதை நேற்றே போனில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ 'பரவாயில்லைங்க' என்று சொல்லியிருப்பாய். நாலு வருஷமாக எது நடந்தாலும் அதைத்தான் சொல்கிறாய். குழந்தைக்குக் காய்ச்சல் என்றபோதும், உன் அப்பா போனபோது வர முடியாமல் நின்றாயே, அப்போதும் அதையே சொன்னாய். இந்த முறை அதைக் கேட்கும் தைரியம் எனக்கில்லை. அதனால்தான் காகிதம். இது வந்து சேர்வதற்குள் நீ யோசித்துவைத்திருக்கும் எல்லாவற்றையும் நான் கலைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

நோட்டீஸ் கொடுத்துவிட்டாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கொடு என்று எழுதியவன் நான்தான், என் எழுத்தை நம்பிக் கொடுத்திருப்பாய். இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். அதுதான் முறை. வாடகை இருக்கிறது, பாப்பா படிப்பு இருக்கிறது, என் இடுப்பை வைத்துக்கொண்டு புது வேலை தேடுவது எப்படி என்று தெரியவில்லை. இன்னொரு ஒப்பந்தம் போட்டால் இரண்டு வருஷம் ஓடிவிடும் என்று எழுத வேண்டும்.

நாலு தடவை எழுதினேன். நாலு தாளையும் கசக்கிவிட்டேன்.

யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதத்தான் எனக்குப் பழக்கம். உனக்கு அப்படி எழுத வரவில்லை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, நீ சொல்வதுதான் சரி. நீ அங்கேயே இருந்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், பாப்பாவைச் சொல்ல விட மாட்டேன். ஆனால் நோட்டீஸைக் கொடுத்துவிட்டிருந்தால், கேட்டுத் திரும்ப வாங்கிவிடாதே. கடன்பட்டாவது கஞ்சி குடித்தாவது பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அலுத்துவிட்டது. நீ இல்லாத வீட்டில் நல்லவனாக இருப்பது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

முடிந்தால் வா.

பாப்பாவின் அப்பா